அட்வான்ஸில் கரையும் சம்பள உயர்வு

சென்னையிலிருந்து பெங்களூருக்கு வேலை மாறுகிறவர்கள் மாதச் செலவை மட்டும் ஒப்பிட்டால் போதாது

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே சுமார் 350 கிலோமீட்டர். ஆனால் குடும்பத்தோடு வேலை மாறிப் போகிறவர்களுக்கு இந்தத் தூரம் ரூபாயில்தான் உறைக்கிறது. காரணம், மளிகைக் கடை அல்ல. முதல் இடி வீட்டு அட்வான்ஸில் விழுகிறது.

10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பெங்களூரின் பழைய வழக்கம். பேரம் பேசினால் 5, 6 மாதத்துக்கு இறங்கலாம். சென்னையிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் 3 மாத வாடகைதான் வரம்பு என்றது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரிச் சட்டமோ 2 மாதம் போதும் என்கிறது. ஆனால் மாநிலங்கள் தங்கள் சட்டமாக்கினால்தான் அது செல்லும்.

வாடகை 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 மாத அட்வான்ஸ் 2.5 லட்சம். அதை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 17,500 ரூபாய் கிடைக்கும். வீட்டுக்காரர் வட்டி தருவதில்லை. காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. 2 ஆண்டில் வீடு மாறினால், இரண்டையும் சேர்த்து உண்மையான வாடகை 27,500 ரூபாய். நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம்.

அடுத்தது தண்ணீர். காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறது. குழாய் எட்டாத புறநகர்களில் லாரிதான் கதி. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லாரிக்கு 1,000 ரூபாய் என்று அரசே விலை நிர்ணயிக்க வேண்டிவந்தது. வீடு பார்க்கும்போதே காவிரி இணைப்பு உண்டா என்று கேட்பது அவசியம்.

போக்குவரத்திலும் கணக்கு மாறுகிறது. பெங்களூர் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. சென்னையில் அது 50. தமிழகச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் 2021 முதல் முகவரிச் சான்று இல்லாமலே இலவசமாகப் போகிறார்கள். கர்நாடகத்தில் 2023இல் வந்த இலவசப் பயணம் அம்மாநிலத்தில் வசிப்பவர்களுக்குத்தான். ஆதாரில் முகவரி மாறும்வரை டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். சொந்தக் காரை எடுத்துப்போய் ஓராண்டுக்கு மேல் ஓட்டினால் கர்நாடகப் பதிவும் ஆயுள் வரியும் காத்திருக்கின்றன.

எல்லாமே பாதகமில்லை. கர்நாடகத்தில் மாதம் 200 யூனிட் வரை, முந்தைய சராசரிப் பயன்பாட்டை ஒட்டி, மின்சாரம் இலவசம். வாடகைக்கு இருப்பவர்களும் பதிவு செய்துகொள்ளலாம்.

ஆகவே, புதிய சம்பளத்தைப் பேசும்போதே அட்வான்ஸுக்கு வட்டியில்லாக் கடனும் வீடு மாற்றும் செலவும் கேட்டுவிடுவது நல்லது. வேலைக்கு ஆள் தேவை என்று நிறுவனம் காத்திருக்கும் அந்தச் சில நாட்களில்தான் பேரத்துக்கு இடமுண்டு.