வென்றது பிரேசில், ஏறியது ஹார்மோன்

1994 ஜூலை 17. கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம். 120 நிமிடங்கள் ஆடியும் கோல் இல்லை. கடைசியில் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ அடித்த பெனால்டி கோல் கம்பத்துக்கு மேலே பறக்க, கோப்பை பிரேசிலுக்குப் போனது.

அதே நேரம் அட்லாண்டா நகரில் டி.வி. முன் அமர்ந்திருந்த இரு நாட்டு ரசிகர்களிடம் ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் எச்சில் மாதிரி எடுக்கப்பட்டது. ஜேம்ஸ் டாப்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1998ல் முடிவை வெளியிட்டார்கள். பிரேசில் ரசிகர்களின் டெஸ்டோஸ்டெரோன் சராசரியாக சுமார் 28 சதவீதம் ஏறியிருந்தது. இத்தாலி ரசிகர்களுக்கோ சுமார் 27 சதவீதம் இறங்கியிருந்தது. சோதிக்கப்பட்டவர்கள் சிலரே என்றாலும், பந்தைத் தொடாதவர்களுக்கே இந்தக் கதி!

ஓடி ஆடியதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. 1992ல் வெளியான ஆய்வில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மோதிய செஸ் வீரர்களிலும் வென்றவர்களுக்கே இந்த ஹார்மோன் அதிகம். வென்றவர் அடுத்த மோதலுக்குத் துணியவும், தோற்றவர் ஒதுங்கி அடிபடாமல் தப்பவும் இயற்கை செய்த ஏற்பாடு இது என்பது விஞ்ஞானிகள் சிலரின் விளக்கம்.

ஆனால் தோற்றவர்கள் எல்லோரும் ஒதுங்குவதில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், தோற்ற பிறகும் ஹார்மோன் ஏறிய ஆண்களே மறுபடி மோத அதிகம் விரும்பினார்கள்.

தலைகுனிந்து நின்ற பாஜியோவிடம் மட்டும் அன்று யாரும் எச்சில் மாதிரி கேட்கவில்லை.