செங்கீரையும் இருவர் ஆடலும்

பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்தைப் படிப்பிக்குந்தோறும் அதனை ஓர் அழகிய கவிமரபென்றே மாணவருக்குச் சொல்லி வந்தேன். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்திலூன்றித் தலை நிமிர்த்திக் குழவி அசையும் அக்கோலத்தை மேல்நாட்டு ஆடற் கூடங்களிலே வளர்ந்தோர் பயில்கின்றனர் என அறிந்தபோது வியந்தேன்.

1972ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவின் ஓபலின் கல்லூரியிலே, ஸ்ரீவ் பாக்ஸ்ரன் என்னும் நடனக் கலைஞர் ஆடவர் சிலரைக் கொண்டு ‘மக்னீசியம்’ என்ற ஆடலை நிகழ்த்தினார். மெத்தைகளின்மீது அவர்கள் மோதினர், விழுந்தனர், உருண்டனர், ஈற்றில் அமைதியாய் நின்றனர். அதன் வழியே ‘கொன்ராக்ற் இம்புறோவைசேஷன்’ பிறந்தது. இருவர் உடல் தொட்டு, ஒருவர் பாரத்தை மற்றவர் தாங்கி, முன்னமைத்த அடவின்றி அவ்வப்போது பிறக்கும் அசைவுகளால் ஆடுவது அது.

இவ்வாடலுக்குப் பகை அச்சமே. புதிதாய் ஆடுவோர் விழுதற்கு அஞ்சி உடலை விறைக்கின்றனர்; கையினாற் பற்றி இழுக்கின்றனர். துணைவரின் பாரம் தோளிலே நோவாய்த் தங்குகிறது.

இங்கேதான் குழந்தை ஆசானாகிறது. நடனமும் தொழில்வழிச் சிகிச்சையும் கற்ற பொனி பெயின்பிரிட்ஜ் கோஹன் அம்மையார் 1973இல் ஒரு கல்விநிலையத்தை நிறுவினார். மனிதர் நடக்குமுன் பழகும் அசைவுகளை அவர் வரிசைப்படுத்தினார். முதலில் மூச்சு, அடுத்து, கொப்பூழை நடுவாகக் கொண்டு உடல் விரிந்து சுருங்குதல், பின்பு முள்ளந்தண்டின் அசைவு, இரு கைகளோ கால்களோ ஒருங்கே தள்ளுதல், ஒரு பக்கத்துக் கையுங் காலுங் கூடி இயங்குதல், இறுதியிலே வலக்கையோடு இடக்காலெனக் குறுக்காகத் தவழ்தல். நிலத்துக்கு இணங்கிய பின்னரே தள்ளலும் எட்டலும் கைகூடும் என்பது அவர் கொள்கை.

ஆடுவோர் இவற்றை நிலத்திலே பயில்கின்றனர். பின்னர் நிலத்துக்குப் பதிலாகத் துணைவரின் முதுகைக் கொள்கின்றனர். பாரம் முள்ளந்தண்டின் வழியே பாதத்துக்கு இறங்குகிறது. கைகள் விடுதலை பெறுகின்றன. விழுதலும் உருளலாக மாறுகிறது.

தவழாமலே நடக்கும் குழந்தைகளும் உண்டாதலால், இவ்வரிசையை இயற்கையின் சட்டமெனக் கொள்ளலாகாது. பயிற்சிக்கு ஏற்ற வழியெனக் கொள்வதே தகும்.

நானும் அறைக்கதவைச் சாத்திவிட்டுப் பாயிலே குப்புறக் கிடந்து பார்த்தேன். மாணவரை நிமிர்ந்து நிற்கும்படி ஆண்டாண்டாய்ப் பணித்த என் தோள்கள், நிலத்தை நம்பிப் பாரத்தை இறக்க நெடுநேரம் மறுத்தன. செங்கீரை அத்துணை எளிதன்று. அடுத்தமுறை அப்பாடத்தை எடுக்கும்போது, நூலைத் திறக்குமுன் இதனையே சொல்ல எண்ணியிருக்கிறேன்.