காய்ச்சலோடு காட்டுக்குள் ஓட வேண்டாம்

வரைபடத்தையும் திசைகாட்டியையும் நம்பி, பாதையில்லாத காட்டுக்குள் ஓடி, ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தொங்கும் கொடிகளை வரிசை தவறாமல் கண்டுபிடிப்பதுதான் ஓரியன்டீரிங். சுவீடனில் 1965இல் தொடங்கிய ஓ-ரிங்கென் இந்த விளையாட்டின் மாபெரும் திருவிழா. ஐந்து நாள், ஐந்து ஓட்டம். 1985இல் ஃபாலுன் நகரில் நடந்தபோது ஏறத்தாழ 25,000 பேர் கலந்துகொண்டார்கள். ஓடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலை, குடும்பம் போக மிஞ்சிய நேரத்தில் பயிற்சி செய்கிற அமெச்சூர்கள். காட்டில் வழி தவறிவிடுவோமோ என்பதே புதியவர்களின் முதல் பயம். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து, ஓடக் கூடாத உடம்போடு மறுநாள் காலை மறுபடியும் தொடக்கக் கோட்டில் போய் நிற்பதில் இருக்கிறது. ஆகவே பல நாள் போட்டியில் அமெச்சூர் ஓட்டக்காரருக்கு உள்ள முதல் உரிமை, விலகிக்கொள்ளும் உரிமை.

இதற்குச் சுவீடனின் அனுபவமே சான்று. 1979க்கும் 1992க்கும் இடையில் அந்நாட்டின் இளம் ஓரியன்டீரிங் வீரர்கள் 16 பேர் இதயம் நின்று திடீரென இறந்தார்கள். அவர்களில் 15 பேர் ஆண்கள். உடற்கூறு ஆய்வுகளில் இதயத் தசை அழற்சி அடிக்கடி தென்பட்டது. தொற்று வந்தால் கிருமி இதயத் தசையையும் தாக்கக்கூடும். அந்த நேரத்தில் கடுமையாக ஓடினால் துடிப்பின் தாளம் குலைந்து, உயிரே போகலாம். எந்தக் கிருமி காரணம் என்பது முடிவாக நிறுவப்படவில்லை. ஆனாலும் சுவீடன் காத்திருக்கவில்லை. 1992இன் இறுதியில் உயர்மட்டப் போட்டிகளைச் சுமார் ஆறு மாதம் நிறுத்தியது. உடம்பில் தொற்று இருக்கும்போது பயிற்சியும் கூடாது, போட்டியும் கூடாது என்று வீரர்களுக்கு எடுத்துச் சொன்னது. அதன்பின் அந்த மரண வரிசை நின்றது. உச்சப் பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கே இது நேர்ந்தது என்றால், நாற்பது வயதில் வார இறுதியில் மட்டும் ஓடுகிறவர் இதை அலட்சியப்படுத்த முடியாது.

“சாதாரணச் சளிதானே, அதற்கெல்லாம் நிற்பதா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஒவ்வொரு தும்மலுக்கும் படுத்துவிட வேண்டியதில்லை. காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி, படுக்கையில் இருக்கும்போதே வழக்கத்தைவிட வேகமான நாடித்துடிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஓடக் கூடாது. பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு ஓடுவது இன்னும் மோசம். எச்சரிக்கை மணி அடங்குமே தவிர நோய் போகாது. ஓட்டத்தின் நடுவே நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் வந்தால் உடனே நின்று உதவி கேட்க வேண்டும். சுவீடனில் அவசர அழைப்பு எண் 112.

காடு தரும் தொற்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1957 முதல் 1963 வரை சுவீடனின் ஓரியன்டீரிங் வீரர்களிடையே 500க்கும் மேற்பட்டோருக்கு மஞ்சள் காமாலை பரவியது. முட்களும் கிளைகளும் கீறிய கால்களோடு ஒரே நீரில் பலரும் கழுவிக்கொண்டதும் ஒரு காரணமாகக் கருதப்பட்டது. உடல் முழுவதும் மூடும் உடை அப்போதுதான் கட்டாயமானது. இன்றைய கவலை உண்ணி. அது பரப்பும் மூளைக் காய்ச்சலுக்குத் தனி மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. தடுப்பூசித் தவணைகளுக்கு இடையே மாதக்கணக்கில் இடைவெளி வேண்டும் என்பதால், பயணத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிட வேண்டும். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைம் நோயை இந்த ஊசி தடுக்காது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதோ தீயால் சுடுவதோ கூடாது. கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் நாளுக்கு நாள் பெரிதானால் மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையில் குணமாகும்.

“என் உடம்பு, என் ஆபத்து, மற்றவர்களுக்கு என்ன?” என்பது அடுத்த வாதம். காட்டில் அது செல்லாது. அடிபட்டவரைக் கண்டால் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு உதவுவது ஒவ்வொரு போட்டியாளருக்கும் கடமை என்கிறது சர்வதேச ஓரியன்டீரிங் கூட்டமைப்பின் விதி. ஒருவர் விழுந்தால் பலருடைய போட்டி நிற்கும். அதேபோல் பாதியில் விலகுகிறவரும் முடிவிடத்துக்கு வந்து, தன் மின்னணுச் சிப்பைப் பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் விடுதிக்குப் போய்விட்டால், தூங்குகிறவரைத் தேடித் தன்னார்வலர்கள் இருட்டில் காட்டுக்குள் அலைவார்கள். கொடி தவறான இடத்தில் இருப்பதாகத் தோன்றினாலும் சினந்து சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். முடிவிடத்தில் அமைப்பாளரிடம் புகார் சொல்லலாம். அவர் முடிவு ஏற்புடையதாக இல்லையென்றால் நடுவர் குழுவிடம் எழுத்து மூலம் மறுப்புத் தரலாம். சர்வதேசக் கூட்டமைப்பின் போட்டிகளில் அதற்கு 15 நிமிடம்தான் அவகாசம், கட்டணம் கிடையாது.

விலகிக்கொள்வதற்கு ஆகக் கடினமான தடை பணம். கட்டணம், விமானச் சீட்டு, விடுப்பு எல்லாம் செலவான பிறகு, ஒரு நாள் தவறினால் மொத்தத் தரவரிசையும் போய்விடும் என்ற நிலையில் விலக மனம் வராது. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பும் ஐரோப்பிய நுகர்வோர் உரிமையும், நாள் குறிக்கப்பட்ட பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்குப் பொருந்தாது. எனவே நோய்ச் சான்று தந்தால் கட்டணம் திரும்புமா என்பதைப் பதிவு செய்யும் முன்பே படித்துவிட வேண்டும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். அது போட்டி விளையாட்டில் ஏற்படும் காயத்தை விலக்கி வைத்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். உறுதியில்லாதவர்களுக்கு அன்றன்று பதிவு செய்து ஓடும் திறந்த பிரிவுகள் ஓ-ரிங்கெனில் உண்டு. முதல் முறை போகிற அமெச்சூருக்கு அதுவே பொருத்தம்.

அமைப்பாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நோயால் விலகுகிறவருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பித் தருவதும், காய்ச்சல் எச்சரிக்கையைத் தினமும் காலையில் அறிவிப்பதும் அவர்களால் முடிந்த காரியங்களே. பயிற்சியாளர்களும் கிளப் நண்பர்களும் “இன்னும் ஒரே நாள்தான், சமாளி” என்று தூண்டுவதை நிறுத்த வேண்டும். போட்டி அடுத்த ஆண்டும் நடக்கும்; அதில் ஓட உடம்பு வேண்டும்.