கூலி ஏறியது, கிலோவும் ஏறியது

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் சம்பளத்தை நாள் கணக்கில் அறிவிக்கிறார்கள். கையில் வருவதைத் தராசுதான் தீர்மானிக்கிறது. ஒரு தொழிலாளிக்கு முழுப் ‘பேர்’, அதாவது ஒரு நாள் சம்பளம் விழ வேண்டுமானால், தோட்டம் குறித்திருக்கும் அளவு கொழுந்தை அவர் பறித்துவந்து நிறுக்க வேண்டும். அளவு குறைந்தால் பல தோட்டங்களில் அரைப் பேர்தான். தொழிற்சங்கங்களும் அரசும் கம்பெனிகளும் பல ஆண்டுகளாக ரூபாயைப் பற்றியே பேசிவந்தார்கள். கிலோவைத் தோட்டத்து நிர்வாகியான துரையின் கையில் விட்டுவிட்டார்கள்.

1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் பெருந்தோட்டக் கம்பெனிகளின் கைக்குப் போனது. அதன் பின் முதலாளிமார் சம்மேளனமும் பெரிய தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களே சம்பளத்தை முடிவு செய்தன. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாயிலிருந்து 700 ஆனது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முந்தைய ஒப்பந்தத்தில் இருந்த 60 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் 140 ரூபாய் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் அதோடு போயின. இரண்டையும் கூட்டினால் சரியாக 200. இரண்டையும் ஒழுங்காக வாங்கிவந்தவருக்கு இந்த மாற்றத்தால் கூடியது, அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் போடும் ஊழியர் சேமலாப நிதிக்கான கணக்குதான்.

நாளுக்கு ஆயிரம் ரூபாய் வேண்டும் என்ற தொழிலாளர்களின் கோரிக்கை 2021 மார்ச்சில்தான் நிறைவேறியது, அதுவும் சம்பள நிர்ணயச் சபை வழியாக: 900 ரூபாய் சம்பளம், 100 ரூபாய் வரவுசெலவு நிவாரணக் கொடுப்பனவு. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தமும் இல்லாமல் போனது. வர்த்தமானி ரூபாயைச் சொன்னதே தவிர, அதற்கு எத்தனை கிலோ என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் 16, 18 கிலோவாக இருந்த இலக்கு பல தோட்டங்களில் 20க்கு ஏறியது.

இதன் விளைவை ஒரு கூடைக் கொழுந்தில் பார்க்கலாம். 18 கிலோ இலக்கு இருந்த தோட்டத்தில் 18 கிலோ பறித்த பெண்ணுக்கு 2019 ஒப்பந்தப்படி 700 ரூபாய் அடிப்படைச் சம்பளம். இலக்கு 20 ஆனபின் அதே பெண் அதே 18 கிலோவைக் கொண்டுவந்தால், அரைப் பேர் போடும் தோட்டத்தில் 500 ரூபாய். சம்பளம் உயர்ந்த மாதத்திலேயே அவர் வருமானம் 200 ரூபாய் குறைந்துவிடுகிறது. இதில் நிறுவைக் கழிவு வேறு. சாக்குக்கும் இலையில் உள்ள ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் கொஞ்சம் கழித்துத்தான் எழுதுகிறார்கள். இருபது காட்ட இருபதுக்கு மேல் பறித்தாக வேண்டும்.

கொழுந்து கைவேகத்தால் மட்டும் கூடுவதில்லை. மலையகத்தில் பல மலைகளில் நிற்பவை மறுநடவு காணாத பழைய செடிகள். களையெடுக்க ஆள் குறைந்ததால் புல் மண்டிய மலைகளில் அட்டைக்கும் குளவிக்கும் நடுவே நிற்க வேண்டியிருக்கிறது. 2021இல் கோத்தபாய ராஜபக்ச அரசு இரசாயன உரத்துக்குத் தடை விதித்தது. சில மாதங்களில் அது தளர்த்தப்பட்டாலும் விளைச்சல் விழுந்தது. செடியில் கொழுந்து குறைந்த அதே காலத்தில் கூடைக்கான இலக்கு கூடியிருந்தது. மறு ஆண்டு பொருளாதார நெருக்கடியில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. தோட்டத்து வீடுகளில் ரொட்டிக்கு ஆதாரமான கோதுமை மாவின் விலை பல மடங்கானது.

குடும்பங்கள் சமாளித்த வழிகள் பழையவை: கடைக் கடன், நகை அடகு, பிள்ளைகளைக் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்புவது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிலோக் கணக்கில் பறிக்கும் ‘கைக்காசு’ வேலையும் உண்டு. அன்றே பணம் வரும் என்பதால் பலர் போகிறார்கள், ஆனால் அந்த உழைப்பு சேமலாப நிதிக் கணக்கில் ஏறுவதில்லை. பெண்ணின் நாள் விடியுமுன் அடுப்படியில் தொடங்கி, மாலை நிறுவைக்குப் பிறகு மறுபடி அடுப்படியில் முடிகிறது. இலக்கில் கூடும் இரண்டு கிலோவை அந்த நாளுக்குள்தான் செருக வேண்டும்.

கம்பெனிகள் இப்போது முன்வைக்கும் மாற்று, ‘அவுட்குரோவர்’ முறை. ஒரு குடும்பத்துக்குக் குறிப்பிட்ட அளவு செடிகளைப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். உரத்துக்கும் மருந்துக்கும் ஆன செலவைக் கழித்த மீதிதான் குடும்பத்துக்கு. நல்ல மலை கிடைத்தவருக்கு இதில் வருமானம் கூடலாம். நேரமும் அவர் கையில் இருக்கும். கிழட்டுச் செடி கிடைத்தவருக்கோ நட்டம் முழுவதும் அவர் தலையில். நாள் சம்பளம் இல்லையென்றால் சேமலாப நிதி, பிரசவ விடுப்பு ஆகியவற்றுக்கான பிடிமானமும் தளர்ந்துவிடுகிறது. கணவனும் பிள்ளைகளும் சேர்ந்து பறிப்பதை யாரும் வேலையாகக் கணக்கிடுவதில்லை.

2024இல் 1,700 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட சம்பளம் நீதிமன்றத் தடைக்குப் பின் 1,350 ரூபாயில் நின்றது. இலக்குக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபாய் என்றும் முடிவானது. 2026 ஜனவரியிலிருந்து அடிப்படைச் சம்பளம் 1,550 ரூபாய், அதனுடன் அரசே தரும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாய் என்று வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. 50 ரூபாய் எந்தக் கிலோவிலிருந்து தொடங்கும் என்பதை இன்னும் தோட்டமே சொல்கிறது.