கத்தரி வாடினால் வேரைப் பாருங்கள்

தண்ணீர் கட்டியும் கத்தரிச் செடி வாடுகிறதா? ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கால் இல்லாத வெள்ளைப் புழு வேரைத் தின்றிருந்தால், அது சாம்பல் நிறக் கூன்வண்டின் புழு.

தாய் வண்டு மேலே இலையில் இருக்கும். இலை ஓரத்தை ரம்பப் பல் மாதிரி கடித்திருக்கும். துவரம்பருப்பு அளவுதான், புழுதி ஒட்டினது போல நிறம். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு, செத்தது போல விழுந்துவிடும். மண்ணில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது.

அதனால் காலை வேளையில் செடிக்கு அடியில் முறத்தைப் பிடித்து உலுக்குங்க. விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்க. மண்ணில் முட்டையிட வண்டு மிஞ்சக்கூடாது.

அடுத்த நடவுக்கு, கடைசி உழவில் ஏக்கருக்கு 200 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுங்கள்.