பூமி தட்டைன்னு சொல்றவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்... எக்ஸ்பைரி நாளில் நாம் என்ன செய்கிறோம்?

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி. என் ரூம்மேட் மொபைலில் ஒரு வீடியோவைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தான். "பூமி தட்டையா இருக்காம் மச்சி. நாசா காசு வாங்கிட்டு ஏமாத்துதாம். இந்தக் காலத்துலயும் இப்படி நம்புறாங்க பாரேன்!"

சிரித்து முடித்ததும் வீடியோவை மூடிவிட்டு வேறொரு ஆப்பைத் திறந்தான். அன்று நிஃப்டி எக்ஸ்பைரி. காலையில் 6,000 ரூபாய்க்கு வாங்கிய ஆப்ஷன் 900 ரூபாய்க்கு வந்திருந்தது. "ஆபரேட்டர் வேலை மச்சி. வேணும்னே இறக்குறாங்க. மூணு மணிக்கு மேல ஏறும் பாரு" என்றான்.

ஏறவில்லை. மூன்றரைக்கு சந்தை மூடியபோது அந்த ஆப்ஷனின் மதிப்பு பூஜ்யம்.

அவன் பி.இ. படித்தவன். பூமி உருண்டை என்பதற்கு நான்கு ஆதாரம் கேட்டால் நாற்பது சொல்வான். ஆனால் 'என் கணக்கு சரிதான், சந்தைதான் தப்பு' என்று ஒன்றரை வருடமாக நம்பிக்கொண்டிருந்தான். தட்டைப் பூமிக்காரரும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

ஆப்ஷன் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு மனையின் விலை 10 லட்சம். 'ஒரு மாதத்துக்குள் இதே விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்' என்று 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுக்கிறீர்கள். மனை 12 லட்சத்துக்குப் போனால் உங்களுக்கு லாபம். ஏறாவிட்டால் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அட்வான்ஸ் திரும்ப வராது. இந்த அட்வான்ஸுக்குத்தான் பங்குச் சந்தையில் 'பிரீமியம்' என்று பெயர். விலை ஏறும் என்று வாங்குவது கால் ஆப்ஷன். இறங்கும் என்று வாங்குவது புட் ஆப்ஷன்.

கையில் நிறைய பங்கு வைத்திருப்பவர், விலை சரிந்தால் தற்காத்துக்கொள்ள புட் ஆப்ஷன் வாங்குவது நியாயமான பயன்பாடு. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பது மாதிரி. ஆனால் வண்டியே இல்லாமல் இன்ஷூரன்ஸ் பேப்பரை மட்டும் வாங்கி, ஒரு மணி நேரத்தில் விற்று லாபம் பார்க்க நினைப்பதுதான் இன்று பலரும் செய்வது.

இதில் உள்ள பெரிய சிக்கல், திசையைச் சரியாகச் சொன்னாலும் தோற்கலாம் என்பது. உதாரணத்துக்கு, நிஃப்டி 25,000-ல் இருக்கிறது. 25,100 கால் ஆப்ஷனை 80 ரூபாய் பிரீமியத்துக்கு வாங்குகிறீர்கள். ஒரு லாட்டுக்கு 75 என்று வைத்துக்கொண்டால் செலவு 6,000 ரூபாய். நீங்கள் நினைத்தபடியே நிஃப்டி ஏறி 25,090-ல் எக்ஸ்பைரி ஆகிறது. 90 புள்ளி ஏற்றம்! ஆனால் உங்கள் 6,000 ரூபாயும் காலி. 25,180-ஐத் தாண்டினால்தான் லாபக் கணக்கே ஆரம்பம். ஏறினால் மட்டும் போதாது. போதுமான அளவு, போதுமான வேகத்தில், குறித்த நாளுக்குள் ஏற வேண்டும். கையில் பிடித்த ஐஸ் மாதிரி, ஒவ்வொரு மணி நேரமும் பிரீமியம் கரைந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் ஆப்ஷனை விற்கும் பக்கம் நின்றால்? சின்னச் சின்ன லாபம் அடிக்கடி வரும். என்றாவது ஒருநாள் சந்தை தாறுமாறாக ஓடும்போது, ஆறு மாத லாபமும் ஒரே மதியத்தில் போகும்.

செபி சொல்லும் கணக்கு

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவுகள் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவிகிதம்.

2024-25 கணக்கும் பிறகு வந்தது. 91 சதவிகிதம் பேருக்கு நஷ்டம். ஒரே ஆண்டில் போன தொகை சுமார் 1.05 லட்சம் கோடி ரூபாய்.

இந்தப் பணம் எங்கே போகிறது? 2023-24-ல் பெரிய நிறுவனங்களின் சொந்த வர்த்தகப் பிரிவுகளும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் நல்ல லாபம் பார்த்தார்கள். அந்த லாபத்தில் 95 சதவிகிதத்துக்கும் மேல் கம்ப்யூட்டர் தானாகவே செய்யும் அல்கோ வர்த்தகத்தில் வந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பது மெஷின்; இந்தப் பக்கம் டீ பிரேக்கில் மொபைலைப் பார்க்கும் நாம்.

இதையெல்லாம்விட என்னை உறுத்திய எண் இன்னொன்று. நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் தொடர்ந்து வர்த்தகம் செய்தார்கள். ஆப்பைத் திறந்ததும் 'பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம்' என்ற எச்சரிக்கை வருகிறது. அதைத் தள்ளிவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். 'அந்தப் பத்தாவது ஆள் நான்' என்ற நம்பிக்கை.

500 பவுண்டு பந்தயம்

இங்கேதான் தட்டைப் பூமிக் கதை நமக்குப் பாடமாகிறது.

1870-ல் இங்கிலாந்தில் ஜான் ஹாம்ப்டன் என்பவர் ஒரு சவால் விட்டார். ஏரியோ கால்வாயோ, நீர்ப்பரப்பு வளைந்திருப்பதை நிரூபித்தால் 500 பவுண்டு பரிசு. அன்றைக்கு அது பெரிய தொகை. சவாலை ஏற்றவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினைப் போலவே, இயற்கைத் தேர்வு என்ற கொள்கையைத் தனியாகக் கண்டறிந்த அதே விஞ்ஞானி. அவருக்கு நில அளவை வேலையும் அத்துப்படி.

பெட்ஃபோர்டு கால்வாயில் ஆறு மைல் நேரான நீர்ப்பரப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முனைகளிலும் நடுவிலும் நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் அடையாளங்கள். பூமி தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். தொலைநோக்கியில் பார்த்தபோது நடு அடையாளம் மேலே தூக்கித் தெரிந்தது. நடுவராக இருந்த பத்திரிகை ஆசிரியர் வாலஸுக்கே வெற்றி என்று தீர்ப்பு சொன்னார்.

ஹாம்ப்டன் ஏற்றுக்கொண்டாரா? அவர் தரப்பு ஆள் அதே தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, பூமி தட்டை என்பது நிரூபணமாகிவிட்டது என்றார்! அடுத்த பல ஆண்டுகள் ஹாம்ப்டன் வாலஸைத் திட்டிக் கடிதம் எழுதினார். வாலஸின் மனைவிக்கே மிரட்டல் கடிதம் போனது. அவதூறு வழக்கில் ஹாம்ப்டன் சிறைக்கும் போனார். கடைசியில் பந்தயம் சட்டப்படி செல்லாது என்று பணத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. பந்தயத்தில் ஜெயித்த வாலஸுக்கு மிஞ்சியது வழக்குச் செலவும் மன உளைச்சலும்தான்.

ஆதாரம் இல்லாததால் ஹாம்ப்டன் தோற்கவில்லை. எந்த ஆதாரம் வந்தாலும் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க முடிந்ததுதான் அவருடைய பிரச்னை.

இப்போது ஆப்ஷன் வர்த்தகரின் வாயிலிருந்து வருபவற்றைக் கேளுங்கள். லாபம் வந்தால் 'என் திறமை'. நஷ்டம் வந்தால் 'ஆபரேட்டர் இறக்கிட்டான்', 'அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தா ஏறியிருக்கும்', 'ஆப் ஹேங் ஆயிடுச்சு'. இப்படி எல்லாவற்றுக்கும் பதில் இருந்தால், 'நான் தப்பு' என்ற முடிவுக்கு எப்படி வர முடியும்?

ஆபரேட்டர் உண்மையிலேயே இருந்தால்?

நியாயமான கேள்வி. 2025 ஜூலையில் செபி, ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனம் எக்ஸ்பைரி நாட்களில் குறியீட்டைச் செயற்கையாக நகர்த்தியதாகக் குற்றம்சாட்டி, 4,843 கோடி ரூபாயை முடக்கி இடைக்கால உத்தரவு போட்டது. அந்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்திருக்கிறது. ஆக, ஆபரேட்டர் பேச்சை முழுக்க முழுக்கக் கற்பனை என்று ஒதுக்க முடியாது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். சீட்டுக்கட்டில் ஏமாற்றுகிறார்கள் என்று உறுதியாக நம்புகிற ஒருவர், எழுந்து வீட்டுக்குப் போவாரா, அம்மாவின் செயினை அடகு வைத்து அடுத்த ஆட்டத்தில் உட்காருவாரா?

ஐந்து நாளும் பலித்த டிப்ஸ்

'அந்த சேனல்ல சொன்னது அஞ்சு நாளும் அப்படியே நடந்துச்சு' என்பார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. 1,024 பேரின் நம்பரை எடுத்து, பாதிப் பேருக்கு 'நாளைக்கு ஏறும்' என்றும் மீதிப் பேருக்கு 'இறங்கும்' என்றும் அனுப்புங்கள். ஏதோ ஒரு பாதிக்குச் சரியாக இருக்கும். அந்த 512 பேரை மறுநாள் மீண்டும் இரண்டாகப் பிரியுங்கள். ஐந்தாம் நாள் முடிவில், ஐந்துமே பலித்ததைக் கண்ணால் பார்த்த 32 பேர் மிஞ்சுவார்கள். அவர்களிடம் கட்டணம் கேட்டால் தராமல் இருப்பார்களா? அனுப்பியவருக்குச் சந்தையைப் பற்றி ஒரு மண்ணும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கண்ணால் பார்த்தது பொய் இல்லை. ஆனால் மற்ற 992 பேர் பார்த்ததை அந்த 32 பேரும் பார்க்கவில்லை. சமமான கடற்கரையில் நின்று 'எனக்குத் தட்டையாகத்தானே தெரியுது' என்பதும் இதே தவறுதான். கடலில் தூரத்துக் கப்பலின் அடிப்பகுதி முதலில் மறைவதையும், 2025 செப்டம்பர் 7 இரவு நம்மூரிலேயே தெரிந்த சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் வளைவாக விழுந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும். கன்னியாகுமரியில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 8 டிகிரி உயரத்தில் இருக்கும். சென்னையில் 13 டிகிரி. ஆஸ்திரேலியாவுக்குப் போனால் தெரியவே தெரியாது. தட்டையான தரையில் இப்படி நடக்காது.

ஒப்புக்கொண்ட ஒரு மனிதர்

ஹாம்ப்டனுக்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. 2024 டிசம்பரில், தட்டைப் பூமியை ஆதரித்து யூடியூபில் பிரபலமான ஜெரன் கம்பனெல்லா உள்ளிட்ட சிலரை அமெரிக்க பாதிரியார் வில் டஃபி அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். தட்டைப் பூமிக் கொள்கைப்படி அங்கே 24 மணி நேரமும் சூரியன் மறையாமல் இருக்க முடியாது. இருந்தால்? போவதற்கு முன்பே கேள்வி தெளிவாக இருந்தது.

சூரியன் மறையவில்லை. வானத்தைச் சுற்றி வட்டமடித்தது. 24 மணி நேரச் சூரியன் விஷயத்தில் தான் நினைத்தது தவறு என்று ஜெரன் கேமரா முன்னால் ஒப்புக்கொண்டார். அவருடைய பழைய கூட்டாளிகள் பலர் அவரைத் திட்டினார்கள். வீடியோவே போலி என்றார்கள். அதையும் தாங்கிக்கொண்டார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு இப்போது மனம் வரவில்லை. 'இதைப் பார்த்தால் மாற்றிக்கொள்வேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பார்த்ததும் மாற்றிக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

வீட்டில் யாராவது ஆப்ஷனில் மூழ்கியிருந்தால், திட்டினால் மறைப்பார்கள். கடன் ஆப் பக்கம் போவார்கள். வாதம் செய்வதைவிட மூன்று காரியங்கள் கேளுங்கள்.

ஒன்று: ஆப்பில் 'பி அண்ட் எல் ஸ்டேட்மென்ட்' இருக்கும். ஆரம்பித்த நாளிலிருந்து இன்று வரை, எல்லாச் செலவும் சேர்த்து டவுன்லோடு செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் புரோக்கரேஜ், வரி எல்லாம் போகும். மனக்கணக்கில் இவை வராது.

இரண்டு: ஒரு தேதியும் ஒரு தொகையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். 'இந்தத் தேதிக்குள் வங்கி எஃப்.டி வட்டியைத் தாண்டவில்லை என்றாலோ, இவ்வளவு ரூபாய் போனாலோ நிறுத்திவிடுவேன்.' தேதியும் தொகையும் இல்லாத நம்பிக்கை, ஹாம்ப்டனின் நம்பிக்கை.

மூன்று: எஃப் அண்ட் ஓ நஷ்டத்தையும் வருமான வரித் தாக்கலில் காட்ட வேண்டும். உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகள் வரை பிற்கால வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் போனால் உண்மைக் கணக்கும் வெளியே வரும்.

பணம் போன வேதனையில் தூக்கம் இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற நிலை இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்று இரவு என் ரூம்மேட்டிடம் ஸ்டேட்மென்ட்டை எடுக்கச் சொன்னேன். "அதிகபட்சம் இருபதாயிரம் போயிருக்கும்" என்றான். திரையில் வந்த தொகை 1,86,400 ரூபாய். அம்மாவின் செயின் அடகுக் கடையில் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஊருக்கு போன் போட்டு, "அம்மா, ஒண்ணு சொல்லணும், திட்டாதீங்க" என்று ஆரம்பித்தான். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

செயினை மீட்க மாதம் எட்டாயிரம் எடுத்து வைக்கிறான். சுவரில் ஒட்டிய தாளில், முடிந்த மாதங்களுக்கு நேரே டிக் போடுகிறான். இதுவரை நான்கு டிக்.