பழைய காரில் புதிய ஸ்டீரியோ

முதிர்ந்த பொருளொன்றைப் போற்றுவார்க்குக் கடமைகள் இரண்டு. ஒன்று அதனைக் கெடாமற் காத்தல். மற்றொன்று காலத்துக்கேற்ப அதனைப் பயன்கொள்ளுதல். பழைய காரில் புதிய ஸ்டீரியோ பொருத்தப் புகுவார்க்கு இவ்விரண்டும் ஒருங்கே வந்து வாய்க்கும். தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவும் அன்பர்க்கு, எம் இல்லத்து நிகழ்ச்சியொன்றையே விடையாகக் கூறுவாம்.

நெமிலிச்சேரியில் எம் பாட்டனார் 1980-களிற் செய்யப்பட்ட அம்பாசடர் கார் ஒன்றை இன்றும் பேணி வருகின்றார். வங்காளத்து உத்தர்பாராத் தொழிற்சாலையில் அவ்வகைக் கார் செய்தல் 2014-இல் நின்றுவிட்டமையால், அதன்மேல் அவர்க்குள்ள பற்று முன்னினும் பெருகிற்று. சில ஆண்டுகட்கு முன் அதில் ஸ்டீரியோ ஒன்றை ஒருவர் விரைவிற் பொருத்திக் கொடுத்தார். ஒரு ஞாயிறு மாலை ஆலயத்தினின்று திருவள்ளூர் நெடுஞ்சாலை வழியே திரும்புகையில், பட்டாபிராமுக்கு அப்பால் ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. பின் காலடியிற் புகை பரந்தது. பாட்டனார் வண்டியை ஓரங்கட்டி, எம்மை இறக்கிவிட்டு, முன்மூடியைத் திறந்து பாட்டரிக் கம்பியைக் கழற்றினார். புகை நின்றது. ஒருவர்க்கும் ஊறில்லை.

மறுநாள் ஆராய்ந்தபோது பிழைகள் இரண்டு வெளிப்பட்டன. எஞ்சின் அறைக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள இரும்புத் தகட்டின் துளை வழியே கம்பி ரப்பர் வளையமின்றி நுழைக்கப்பட்டிருந்தது. தகட்டின் விளிம்பு நாளடைவில் அதன் மேலுறையை அறுத்துவிட்டது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்திலோ சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றப்பட்டிருந்தது. இவ்விடுமுறையில், ஆவடியில் மோட்டார் மின்வேலை செய்யும் முதியவர் ஒருவரின் துணைகொண்டு அவ்வேலை முழுவதையும் புதுக்கினோம். அவரிடம் கற்றவற்றையே ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

முதற்கண் அறியத்தக்கது, காரின் இரும்புடலே ஒரு மின்கம்பி என்பது. வீட்டு விளக்குக்கு இரு கம்பிகள் செல்கின்றன. காரிலோ பாட்டரியின் ஒரு முனை உடலோடு பிணைக்கப்பட்டிருத்தலின், விளக்குக்கும் ஹாரனுக்கும் ஒரு கம்பியே செல்லும். மின்சாரம் திரும்பும் வழி உடலேயாம். இதனை எர்த் என்பர். இக்காலக் கார்களில் உடலோடு சேர்வது எதிர்முனை. ஆயின் 1960-களுக்கு முன் இங்கிலாந்திற் செய்த கார்கள் பலவற்றில் நேர்முனை சேர்ந்திருக்கும். வேறு சிலவற்றில் பாட்டரியே 12 வோல்ட்டுக்குப் பதிலாக 6 வோல்ட்டாக இருக்கும். அத்தகைய வண்டியில் இக்கருவியை அவ்வாறே பூட்டினால் கருவி கெடும், அன்றி இயங்காது. ஆதலின் மீட்டர் கொண்டு இவற்றைத் தெளிந்த பின்னரே, பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை தொடங்குதல் வேண்டும்.

கருவியின் பின்புறத்து வரும் கம்பிகளுக்கு நிறம் வகுத்துள்ளனர். மஞ்சள் என்றும் மின்சாரம் பெற வேண்டியது; கருவியின் நினைவைக் காப்பது இதுவே. சிவப்பு சாவி திருப்பியபோது மட்டும் பெற வேண்டியது. கறுப்பு எர்த்துக்குரியது. வெள்ளையும் சாம்பலும் முன் ஸ்பீக்கர்களுக்கும், பச்சையும் ஊதாவும் பின் ஸ்பீக்கர்களுக்கும் உரியன. இவற்றுட் கறுப்புக்கோடு உள்ளது எதிர்முனை. பெரும்பான்மை வழக்கு இதுவேயாயினும், உடன்வரும் தாளைப் படித்து உறுதிசெய்தல் நலம்.

பழைய வண்டியில் நேரும் பெரும்பிழை ஸ்பீக்கர் இணைப்பிலேயே உள்ளது. முற்காலத்து ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனையை உடலோடு சேர்த்து, மறுமுனைக்கு மட்டும் கம்பி விடுவர். இக்காலத்துக் கருவி அவ்வாறன்று. ஒலி மிகும்பொருட்டு அது இரு முனைகளையும் மாறிமாறி இயக்குகின்றது. எனவே இரண்டில் எதுவும் உடலைத் தீண்டலாகாது. தீண்டின் உள்ளிருக்கும் ஒலிபெருக்கும் பகுதி கருகும். எம் காரிலும் ஒற்றைக் கம்பியே இருந்தது. நான்கு ஸ்பீக்கர்களுக்கும் தனித்தனியே இரட்டைக் கம்பி புதிதாக இழுத்தோம். கறுப்புக் கம்பியை மட்டும், வண்ணப்பூச்சைச் சுரண்டி ஒளிரச் செய்த இரும்பில் திருகாணியால் இறுக்கினோம். பூச்சின்மேல் முடுக்கிய எர்த் எர்த்தன்று.

இனிப் பியூஸ் பற்றிக் கூறுவாம். “தம்பி, பியூஸ் பெட்டியைக் காப்பாற்ற இல்லை, கம்பியைக் காப்பாற்ற,” என்று அம்முதியவர் கூறினார். பாட்டரியின் இரு முனைகளும் நேரே கூடினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாயும். மெல்லிய கம்பி அதனைத் தாங்காது, செந்தணலாகும். அதற்கு முன் உருகி வழியை அறுப்பதே பியூஸின் தொழில். வெள்ளித்தாளோ உரிய அளவில் உருகாது; கம்பியை எரிய விட்டுத் தான் நிற்கும். மேலும், பாட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட கம்பிக்கு எக்காவலும் இன்மையால், பியூஸைப் பாட்டரியின் அருகிலேயே வைத்தல் வேண்டும். எம் கருவிக்குக் குறித்த 10 ஆம்பியர் பியூஸையே அங்கு வைத்து, தகட்டுத் துளைக்கு ரப்பர் வளையமும் இட்டோம்.

பெட்டியின்மேல் ‘50 வாட் நான்கு’ என அச்சிட்டிருப்பது கண்டு மயங்கற்க. எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து சிதைவின்றித் தரக்கூடியது, கணக்கிட்டால், 26 வாட்டுக்கு மேற்படாது. பழைய கார்களின் டைனமோக்கள் பலவும் 20 ஆம்பியர் அளவே தருவன. எஞ்சின் மெல்ல ஓடுகையில் அதுவும் இல்லை. தலைவிளக்குகளே அதிற் பாதியைக் கொள்ளும். ஆதலின் மேலும் ஓர் ஆம்ப்ளிபயர் சேர்க்கும் ஆசையை ஒழித்தோம்.

சிவப்புக் கம்பியிலும் ஒரு நுட்பம் உண்டு. சாவியில் எஞ்சினுக்கு வேறாக ஒரு நிலை இல்லாத வண்டியில், பாட்டுக் கேட்டற்பொருட்டு எஞ்சின் சாவியைத் திருப்பி வைத்தால், எஞ்சின் ஓடாமலே இக்னிஷன் காயில் சூடேறிக் கெடும். எனவே சிவப்புக்குத் தனி ஸ்விட்ச் ஒன்றை அமைத்தோம்.

கருவியின் முகம் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உடையது. இஃது உலகெங்கும் ஒப்பிய அளவு. இதன்பொருட்டுப் பழைய கருவிப் பலகையை அறுத்தல் தகாது. அறுத்தது மீண்டும் கூடாது. அடியில் இரும்புச் சட்டமிட்டுக் கருவியைத் தொங்கவிட்டு, ஆட்டத்தில் கழன்று விழாதவாறு பின்புறத்தையும் ஒரு பட்டையால் தாங்கினோம்.

எல்லாம் முடிந்து பாட்டரியைப் பூட்டியபோது, பாட்டோடு எஞ்சினின் வேகத்துக்கேற்ப ஏறியிறங்கும் ஒரு சீழ்க்கையும் கேட்டது. இத்தொல்லை புதிதன்று. 1930-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துக் கால்வின் சகோதரர் மோட்டரோலா என்னும் கார் ரேடியோவை விற்கத் தொடங்கிய நாளிலேயே, எஞ்சின் எழுப்பும் மின் இரைச்சலை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. எம் சீழ்க்கைக்குக் காரணம் எர்த் திருகாணி சற்றே தளர்ந்திருந்தமை. அதனை இறுக்கவும் சீழ்க்கை ஒழிந்தது.

முன்னர் ஒருவர் விரைந்து முடித்த வேலைக்கு எமக்கு மூன்று நாட்கள் ஆயின. அடுத்த ஞாயிறு பாட்டனார் தம் கைப்பேசியிலிருந்து கம்பியின்றி வந்த கீர்த்தனையைக் கேட்டவாறே வெளிவட்டச் சாலையில் வண்டியை ஓட்டினார். எனினும் புறப்படுமுன் முன்மூடியைத் திறந்து, பாட்டரியருகே பியூஸ் இருக்கின்றதா என ஒருமுறை பார்த்துக்கொண்டார். பழைய கார் வைத்திருக்கும் அன்பர்கள், தத்தம் வண்டியின் முன்மூடியையும் இன்றே ஒருமுறை திறந்து பார்ப்பாராக.